பின்னால் போகும்போது மட்டும்

தையல்காரம்மா ஸ்டியரிங்கை வலப்பக்கம் கடைசிவரை ஒடித்தபோதுதான் அந்தச் சத்தம் வந்தது. டக், டக், டக். முன் சக்கரத்துக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு விரல் சொடுக்குவதுபோல.

"நான் ஒண்ணும் பண்ணலை டீச்சர்," என்று தையல்காரம்மா உடனே இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டாள்.

டீச்சர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினாள். நீங்கள் ஒன்றும் பண்ணவில்லை, கையை மட்டும் எடுக்காதீர்கள் என்று சொல்லி, நேராகப் போகச் சொன்னாள். நேராகப் போனபோது சத்தம் இல்லை. திரும்பினால் வந்தது. அன்றைய வகுப்பு முடிந்து தையல்காரம்மா போன பிறகு, டீச்சர் தானே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டியபடி மைதானத்தை வட்டமடித்தாள். பயிற்சி மைதானத்தின் வாட்ச்மேன் அவள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறாள் என்று நினைத்துத் தானும் தரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தார்.

வெள்ளிக்கிழமை ஆய்வு. அன்று திங்கள் ஆகிவிட்டது, நடுவில் மூன்றே நாள்.

ஊரின் பெரிய ஓட்டுநர் பள்ளியில் பல வருடங்கள் வேலை பார்த்தவள் அவள். அங்கே கழித்துக்கட்டிய இந்தக் காரையே வாங்கிக்கொண்டு தனியாகப் பள்ளி தொடங்கியிருந்தாள். இரண்டு பக்கமும் பிரேக், கிளட்ச் உள்ள வண்டி. எந்த மாணவர் எப்போது எந்தப் பக்கம் இழுப்பார் என்பது அவளைவிட அந்த வண்டிக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று அவளே சொல்வாள். இப்போதைக்குக் கையில் இருப்பது தற்காலிக அனுமதி. வெள்ளிக்கிழமை போக்குவரத்துத் துறை ஆய்வாளர் வண்டியை ஓட்டிப் பார்த்துச் சரி என்றால் பள்ளி அவளுடையது. இல்லையென்றால் அடுத்த சுற்று எப்போது வருமோ, அதுவரை ஒரு மாணவரைக்கூட ஏற்றக்கூடாது. அவள் கிளம்பிய அன்று பழைய முதலாளி வாசல்வரை வந்து, "போய்ட்டு வாங்க டீச்சர், உங்க நாற்காலி அப்படியே இருக்கும்" என்று சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

ஒரு வீட்டில் ஒருவர் மருந்துக்கடை வைத்து, இன்னொருவர் டாக்டராகவும் இருந்துவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் தும்மல்கூட வரக்கூடாது. டீச்சரின் நிலைமை அதுதான். கணவர் கார் உதிரிபாகக் கடையில் கவுண்டர் பார்க்கிறார். தம்பி சின்னதாக ஒரு ஷெட் போட்டு ஆக்சில் பழுது பார்க்கிறான். ஆக்சில் மட்டும்தான். வேறு எதையாவது கொண்டுவந்தால் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிவிடுவான். கைரேகைக்குள் எப்போதும் கறுப்புப் படிந்திருப்பதால் எல்லோரும் அவனைக் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பெண்டாட்டி உட்பட.

அன்று சாயங்காலமே கிரீஸ் வந்து காருக்கு அடியில் படுத்தான். டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு அவன் சொன்னது பாதி புரியவில்லை. வெளியே வந்த பிறகு விளக்கினான். இன்ஜினிலிருந்து முன் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டுதான் ஆக்சில். அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஜாயிண்ட். சக்கரத்துப் பக்கத்து ஜாயிண்டுக்குள் எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருளும், அதனால்தான் சக்கரம் ஒடிந்த நிலையிலும் சுற்றமுடிகிறது. அதன் மேல் போட்ட ரப்பர் உறை கிழிந்து, உள்ளிருந்த கிரீஸ் பசை வெளியே போய், மண் உள்ளே வந்துவிட்டது. பள்ளங்கள் ஒரு பக்கம் தேய்ந்திருக்கின்றன. குண்டு அங்கே தடுக்கி விழுகிற சத்தம்தான் டக், டக். இரண்டு பக்கமும் அதே கதை.

"இருந்தாலும் இது ஒரிஜினல்க்கா," என்று அந்தத் தண்டை, குழந்தையின் கன்னத்தைத் தட்டுவதுபோலத் தட்டினான். "இந்த இரும்பு இப்ப வர்றதே இல்ல. கழட்டிக் கழுவி, புது உறை, புது கிரீஸ் போட்டு, வலது ஜாயிண்ட இடதுக்கும் இடது ஜாயிண்ட வலதுக்கும் மாத்திடுவேன். தேய்ஞ்ச பக்கம் பின்னால போயிடும், தேயாத பக்கம் முன்னால வந்துடும். புது வண்டியாட்டம் ஓடும்."

கணவர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடையில் பெட்டியோடு, சீலோடு, புதுசாக ஒரு ஜோடி இருக்கிறது, மாட்டினால் அரை நாளில் முடிந்துவிடும் என்றார். கிழிந்த சட்டையின் முன்பக்கத்தைப் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிற வேலை எதற்கு என்றும் கேட்டார்.

கிரீஸ் கையைத் துடைத்தபடி, லோக்கல் சரக்கை அக்கா வண்டியில் ஏற்றமாட்டேன் என்றான்.

"லோக்கல்னு சொல்லாத மாப்ள. ஆஃப்டர் மார்க்கெட், வேற கம்பெனி பண்றது."

"பேரு மாத்தினா இரும்பு மாறிடுமா மாமா?"

அதற்குப் பிறகு இருவரும் பேசியது முழுக்க டீச்சரைப் பார்த்துத்தான். கணவர், தான் கவுண்டரில் நின்று இத்தனை வருடத்தில் பார்த்த திருப்தியான முகங்களைப் பற்றிச் சொன்னார். தம்பி, அதே முகங்கள் அப்புறம் தன் ஷெட்டுக்கு வந்து அழுததைச் சொன்னான். சாப்பாட்டுத் தட்டு போட்ட பிறகும் பேச்சு ஓயவில்லை. டீச்சர் தட்டின் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டுவது டக், டக் என்று கேட்டதும் விரலை மடக்கிக்கொண்டாள்.

அவளுக்கு நல்ல இரும்பு, கெட்ட இரும்பு எல்லாம் தெரியாது. வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வண்டியை முழுக்க ஒடிப்பார் என்பது மட்டும் தெரியும். கடைசியில், தம்பி கையாலேயே ஆகட்டும் என்று சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால், பழகிய வண்டியின் உறுப்பை வீசிவிட மனம் வரவில்லை என்பாள். உண்மையில், கணவர் அன்று கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டார். கவுண்டரில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"சரி," என்றார் அவர். அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்ன விதத்தில், இனி இரண்டு நாளைக்கு வீட்டில் குழாயைத் திறந்தால்கூடச் சத்தமாகக் கேட்கும் என்று அவளுக்குப் புரிந்தது.

கிரீஸ் சொன்னபடி செய்தான். புதன்கிழமை மாலை வண்டியை அவளிடம் கொடுத்தபோது அவன் முகத்தில் பெருமை வழிந்தது. ஷெட்டுக்கு முன்னால் இருந்த காலியிடத்தில் வலப்பக்கம் ஒடித்து ஒரு வட்டம், இடப்பக்கம் ஒடித்து ஒரு வட்டம் போட்டுக் காட்டினான். பூனை நடப்பதுபோல இருந்தது. ஒரு சின்ன முனகல்கூட இல்லை. டீச்சருக்கு அப்போதே அழுகை வந்துவிடும்போல ஆனது. தம்பியின் கறுப்புக் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று தூங்கினாள் என்றுகூடச் சொல்லலாம்.

வியாழக்கிழமை முதல் வகுப்பு தையல்காரம்மாவுடையது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் விட்டு நிறுத்துகிற பயிற்சி. தையல்காரம்மா பின்னால் போவதை எப்போதும் ஒரு பாவச்செயல்போலத்தான் செய்வாள். கண்ணை இறுக்கிக்கொண்டு ரிவர்ஸ் கியர் போட்டு, ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து, மெதுவாகக் கிளட்சை விட்டாள்.

டக், டக், டக், டக்.

முன்பைவிட பலமாக, ஓட்டுநர் இருக்கை அதிர்கிற அளவுக்கு.

டீச்சர் வண்டியை நிறுத்தினாள். முன்னால் போகச் சொன்னாள். சத்தமில்லை. மறுபடி பின்னால். டக், டக், டக். தையல்காரம்மா தான் ஒன்றும் பண்ணவில்லை என்று மறுபடி ஆரம்பிக்க, டீச்சர் அவளை இறக்கிவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மைதானத்தை விட்டு நேரே தம்பியின் ஷெட்டுக்குப் போனாள். வழியில் எந்தச் சிக்னலில் நின்றாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை. நின்றாளா என்பதும் சந்தேகம்தான்.

கிரீஸ் நம்பவில்லை. இந்த வேலையை எத்தனையோ வண்டிக்குச் செய்திருக்கிறேன், ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை என்றான். அவள் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ரிவர்ஸில் ஒடித்துக் காட்டினாள். அவன் முகம் ஒவ்வொரு டக்குக்கும் ஒரு படி கீழே இறங்கியது.

"தேய்ஞ்ச பக்கத்தை எங்கடா அனுப்பின?" என்று கேட்டாள்.

"பின்னால போறதுக்கு. ரிவர்ஸ்ல யாருக்கா முழுசா ஒடிச்சு அவ்வளவு தூரம் போறாங்க? வீட்டுல வண்டிய உள்ள விடுறதுக்குக் கொஞ்சம், கடைத்தெருவுல நிறுத்தறதுக்குக் கொஞ்சம். அதுக்கு..."

அவன் அங்கேயே நிறுத்திக்கொண்டான். டீச்சர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது கார் ஓட்டக் கத்துக்குடுக்கிற வண்டிடா. இது பொறந்ததுலேர்ந்து பாதி ஆயுசு பின்னாலதான் போயிருக்கு."

அவன் காரை விட்டு இறங்கி, ஷெட்டின் தகரக் கதவில் சாய்ந்துகொண்டு, ஒரு ஸ்பானரை எடுத்து வேறொரு இடத்தில் வைத்தான். பிறகு அதையே எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான். தேய்ந்த பள்ளத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டால் சத்தம் முன்னாலோ பின்னாலோ எங்காவது வந்தே தீரும். ஒரிஜினல் ஜாயிண்ட் புதுசாக வாங்கலாம் என்றால், அது கம்பெனியிலிருந்து வருவதற்குள் ஆய்வாளர் ஓய்வு பெற்றுவிடுவார் என்றான். அவன் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

அப்புறம் அவள் செய்யவேண்டியிருந்தது ஒன்றுதான். உதிரிபாகக் கடையின் கவுண்டருக்கு முன்னால், மற்ற வாடிக்கையாளர்களோடு வரிசையில் நின்றாள். கணவர் அவளைப் பார்த்தார். முன்னால் நின்றவருக்கு வைப்பர் பிளேடு எடுத்துக் கொடுத்தார், அதற்கடுத்தவருக்கு ஒரு பல்பு. அவள் முறை வந்ததும், அவள் வாயைத் திறப்பதற்குள், கவுண்டருக்குக் கீழேயிருந்து இரண்டு நீளப் பெட்டிகளை எடுத்து மேலே வைத்தார். திங்கட்கிழமையே எடுத்துவைத்திருக்கிறார்.

"நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல," என்றார்.

"சொல்லித்தான் பாருங்களேன்."

"கடையில வேண்டாம். நிறைய பேர் இருக்காங்க."

அன்று மாலை கிரீஸே அந்தப் புது ஜோடியை மாட்டினான். மாமியார் வீட்டில் சாப்பிடுகிற புது மருமகன்போலக் கடமைக்குக் கையை நகர்த்தினான், ஆனால் ஒரு நட்டையும் சும்மா விடவில்லை. கழற்றிய ஒரிஜினல் தண்டுகளைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தான். டீச்சர் வண்டியை மைதானத்துக்கு ஓட்டிப்போய், வெளிச்சம் மங்கும்வரை ஒடித்து ஒடித்துப் பார்த்தாள். முன்னால், பின்னால், வலம், இடம், எட்டு, கம்பங்களுக்கு நடுவே. எங்கும் சத்தமில்லை. ஆனாலும் அவளுக்கு நிம்மதி வரவில்லை. சத்தம் இல்லாததையே காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் அன்று சாப்பாட்டை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர். காரில் ஏறியவுடன் இருக்கையை முன்னே தள்ளி, கண்ணாடிகளைத் தனக்கேற்றபடி சரிசெய்துகொண்டார். டீச்சருக்கு அதிலேயே அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. மைதானத்தில் முழுக்க ஒடித்து இரண்டு பக்கமும் வட்டம் போட்டார். ரிவர்ஸில் கம்பங்களுக்கு நடுவே ஒரே தடவையில் நிறுத்தினார். இரண்டு பக்கத்துப் பிரேக்கையும் பார்த்தார். பக்கத்து இருக்கையில் டீச்சர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"நல்லா வெச்சிருக்கீங்க. பெரிய ரோட்டுக்குப் போய்ட்டு வந்துடலாம்."

பெரிய ரோடு. டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டி சரியாகி வந்ததிலிருந்து அவள் இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை. அவள் உலகமே அந்த மைதானம்தான்.

ஆய்வாளர் மூன்றாவது போட்டார், நான்காவது போட்டார், வேகத்தைக் கூட்டினார். ஸ்டியரிங் நடுங்கியது. முதலில் குளிரில் கை நடுங்குவதுபோல, பிறகு அடுப்பில் மூடிபோட்ட பாத்திரம் கொதிப்பதுபோல. வேகத்தைக் குறைத்தார், நின்றது. கூட்டினார், வந்தது. அவர் திரும்பி மைதானத்துக்கு வந்து, இன்ஜினை அணைத்தார்.

என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். மறைக்க என்ன இருக்கிறது, புது ஆக்சில் என்றாள். பயிற்சி வண்டி இந்த வேகத்தில் போவது அபூர்வம், ஆபத்தும் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சேர்த்தாள்.

"ஆபத்து இல்ல, எனக்கும் தெரியும். ஆனா கத்துக்கிறவங்க இதுதான் வண்டின்னு நெனச்சுக்குவாங்க. நாளைக்கு அவங்க சொந்த வண்டி ஏதாவது கோளாறாகி நடுங்கினாக்கூட, நம்ம டீச்சர் வண்டியும் இப்படித்தானேன்னு ஓட்டிக்கிட்டுப் போவாங்க."

அவர் சொன்னது சரிதான். மாணவர்களிடம் அவளே இப்படித்தான் சொல்லியிருப்பாள். ஆய்வாளர் இன்னும் பல வண்டிகளைப் பார்க்கவேண்டியிருந்தது. மாலையில் கேட்டை மூடும்வரை இங்கேதான் இருப்பேன், அதற்குள் கொண்டுவந்தால் பார்க்கிறேன், இல்லாவிட்டால் அடுத்த சுற்றுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியில் ஏறினார். மைதானத்தின் மறுகோடியில் பெரிய பள்ளியின் வண்டி ஒன்று தன் முறைக்குக் காத்திருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஷெட்டுக்குப் போகும் வழியிலேயே கணவருக்குப் போன் போட்டு, அதே பெட்டியில் இன்னொரு ஜோடி எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னாள். அவர் வந்தார். கையில் பெட்டி இல்லை.

"எங்கங்க?"

அவர் கிரீஸைப் பார்த்தார், தகரக் கதவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"எதைக் கொண்டாந்தாலும் ஆடும்மா. இந்த மாடலுக்கு வர்ற தண்டு எல்லாமே கொஞ்சம் ஆடும். திருப்பிக் கொண்டாறவங்ககிட்ட, ஓட ஓட செட்டாயிடும்னு சொல்லி அனுப்புவோம்."

"செட்டாகுமா?"

"ஆடுறது பழகிடும்."

கிரீஸ் நிமிர்ந்து பார்த்தான். மாமாவை மடக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி ஆயுசுக்கும் வராது. ஆனால் அவன் முந்தின நாள் இதே இடத்தில் நின்ற நிலை அவனுக்கு நினைவிருந்திருக்கவேண்டும். மாமாவுக்கு உட்கார ஒரு முக்காலியை மட்டும் இழுத்துப்போட்டான்.

டீச்சர் உட்காரவில்லை. கதவுக்கும் காருக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். நடந்தபடியே கேட்டாள். ஒடித்தால் சத்தம் வருவது எதனால்? வெளி ஜாயிண்டால் என்றான் தம்பி. புதுசில் அது எப்படி? சத்தமில்லை, நல்லாத்தான் இருக்கு என்று வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டான். வேகத்தில் நடுங்குவது எதனால்? தண்டு, அப்புறம் இன்ஜின் பக்கத்து உள் ஜாயிண்ட் என்றார் கணவர். பழசில் அது எப்படி? ஒரு குறையும் இல்லை, வண்டி எத்தனை ஒடித்தாலும் உள் ஜாயிண்டுக்கு அவ்வளவு வேலை இல்லையே என்று கிரீஸ் அலமாரியின் மேலே பார்த்தான்.

"அப்ப பழைய தண்டுல புது ஜாயிண்ட மாட்டு."

இரண்டு ஆண்களும் அந்த வாரத்தில் முதல்முறையாக ஒரே பக்கம் நின்றார்கள். முடியவே முடியாது என்றார்கள். பிரித்த சரக்கைக் கடை திரும்ப எடுக்காது, நாளைக்கு ஏதாவது ஆனால் எந்தக் கம்பெனியைக் கேட்பது என்றார் கணவர். அரைகுறையாக ஒட்டுப்போட்ட வேலை தன் ஷெட்டிலிருந்து வெளியே போனதில்லை, நாலு பேருக்குத் தெரிந்தால் தொழில் என்ன ஆகும் என்றான் தம்பி. மாமா சொல்றது சரிதான்க்கா என்று வேறு சேர்த்துக்கொண்டான்.

டீச்சர் நடப்பதை நிறுத்தினாள்.

"கடையும் பொறுப்பேத்துக்க வேணாம், ஷெட்டும் பொறுப்பேத்துக்க வேணாம். பக்கத்து சீட்டுல தினம் உக்காரப்போறது நான். மாட்டினா உடையுமா, உடையாதா? அத மட்டும் சொல்லுங்க."

தண்டின் முனையில் இருக்கிற பல் பொருந்தினால் உடையாது என்றான் கிரீஸ் கொஞ்சம் யோசித்து. பல் பொருந்துமா என்று அவள் கணவரைப் பார்த்தாள். அவர் முக்காலியிலிருந்து எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் அவர் சட்டைக் கையை மடித்து அவள் பார்த்ததில்லை. பழைய தண்டின் முனையை நகத்தால் தடவித் தடவிப் பற்களை எண்ணினார். புது ஜாயிண்டின் வாயை வெளிச்சத்துக்குத் திருப்பி எண்ணினார். பாதியில் கணக்கு விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"பொருந்தும்."

கிரீஸ் வேலையைத் தொடங்கினான். காரிலிருந்து புது ஆக்சிலைக் கழற்றி வைஸ் இடுக்கியில் இறுக்கினான். பித்தளைத் துண்டை வைத்து ஒரே அடி, வெளி ஜாயிண்ட் தண்டிலிருந்து கழன்று விழுந்தது. பழையதற்கும் அதே அடி. புது ஜாயிண்டைப் பழைய தண்டின் பல்லில் ஏற்றி மரச்சுத்தியால் தட்டினான். உள்ளே இருக்கும் கிளிப் டிக்கென்று விழுந்தால்தான் பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். விழுந்தது. இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. வலது பக்கம் முடிந்தது.

இடது பக்கத்தில் கிளிப் விழவில்லை. தட்டினான், இழுத்தான், ஜாயிண்ட் கையோடு வந்துவிட்டது. மறுபடி தட்டினான், மறுபடி வந்துவிட்டது. அவன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. டீச்சர் வெளியே போய் வானத்தைப் பார்த்தாள். உள்ளே வந்தாள். மறுபடி வெளியே போனாள். நீ ஒரு இடத்தில் நில்லுக்கா, எனக்குக் கை ஓடவில்லை என்றான் தம்பி. அவளுக்கு நிற்கத்தான் முடியவில்லை.

"கிளிப்ப மாத்திப் பாரு மாப்ள," என்றார் கணவர் மெதுவாக. புதுசோடு வருகிற கிளிப் சில சமயம் கொஞ்சம் தடியாக இருக்கும், அதற்கும் ஆட்கள் திரும்பி வருவார்கள் என்றார்.

"இதையும் கவுண்டர்ல சொல்ல மாட்டீங்களா மாமா?"

"கேட்டா சொல்லுவேன்."

கிரீஸ் பழைய கிளிப்பைப் போட்டுத் தட்டினான். டிக். மூன்று பேரும் அதைக் கேட்டார்கள். மாமா ரப்பர் உறையைப் பிடித்துக்கொள்ள, மாப்பிள்ளை உள்ளே கிரீஸ் பசை அடைத்துக் கிளாம்பை இறுக்கினான். மாமாவின் வெள்ளைச் சட்டை அத்தோடு போயிற்று.

இந்தத் தடவை டீச்சர் ஏமாறவில்லை. ஷெட் வாசலிலேயே ரிவர்ஸில் இரண்டு பக்கமும் ஒடித்தாள். பிறகு நேரே பெரிய ரோட்டுக்குப் போனாள். பின் இருக்கையில் ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலோரமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது, நான்காவது. வேகம் ஏற ஏற அவள் ஸ்டியரிங்கை விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாள். நடுக்கம் வரவேண்டிய இடம் வந்தது, போயிற்று. இன்னும் கொஞ்சம் மிதித்தாள். ஒன்றுமில்லை. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது, அதுகூட அவளுக்கு இனிமையாகத்தான் இருந்தது.

மைதானத்து கேட்டில் வாட்ச்மேன் சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். அவள் வண்டியைப் பார்த்ததும் ஒதுங்கினார். ஆய்வாளர் தன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். பையை இறக்கி வைத்துவிட்டு ஏறினார். கணவரும் தம்பியும் மதிலோரம் இறங்கி நின்றுகொண்டார்கள்.

ஒடித்தார். பின்னால் விட்டார். பெரிய ரோட்டுக்குப் போனார். எங்கே முதலில் நடுங்கியதோ அதே இடத்தில் வேகத்தைக் கூட்டினார், குறைத்தார், மறுபடி கூட்டினார். டீச்சர் ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை சும்மா இருந்தது.

திரும்பி வந்து இறங்கியபோது, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பாதி பழசு, பாதி புதுசு என்றாள். அவர் குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து, உறையையும் கிளாம்பையும் பார்த்தார். கலப்பு வேலை என்பதால் ஆறு மாதத்தில் மறுபடி கொண்டுவந்து காட்டவேண்டும் என்றார். அதற்குள் சத்தமோ நடுக்கமோ வந்தால் அவளே வண்டியை நிறுத்திவிடவேண்டும், யாராவது சொல்லும்வரை காத்திருக்கக்கூடாது என்றார். பிறகு காரின் கூரைமேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார்.

மதிலோரம் நின்றவர்களிடம் அவள் அதைக் காட்டினாள். ஆறு மாத விஷயத்தையும் சொன்னாள். சந்தோஷம் இருவருக்கும் தொண்டைவரை வந்தது. ஆனால் ஆறு மாதத்தில் முதலில் போவது புது ஜாயிண்டா, பழைய தண்டா என்ற கேள்வி அதற்குமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. புது உறை வெயிலுக்கு வெடித்துவிடும் என்று கிரீஸ் தொடங்கினான். வயசான தண்டு எத்தனை நாளைக்கு என்று கணவர் பதில் சொன்னார். குரல் ஏறவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை.

டீச்சர் காகிதத்தைக் கைப்பைக்குள் வைத்தாள். சுற்றிவந்து, ஓட்டுநர் இருக்கையை விட்டுவிட்டு, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். காலடியில் இருந்த தன் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்தாள்.

"யாராவது ஒருத்தர் வந்து ஓட்டுங்க. வீட்டுக்குப் போகணும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி தன் கிரீஸ் படிந்த கையைக் காட்டிப் பின் இருக்கைக்கு நழுவினான். கணவர் வந்து உட்கார்ந்தார். எத்தனையோ வருடமாகக் கார் ஓட்டுகிறவர். சாவியைத் திருப்பி, கியரைப் போட்டு, வழக்கமான அலட்சியத்தோடு கிளட்சை விட்டார். வண்டி நகர்ந்து கேட்டை நெருங்கியபோது சட்டென்று நின்றது. அவர் தலை ஸ்டியரிங்கை முத்தமிடப் போய்த் தப்பியது.

"என்னம்மா? என்ன ஆச்சு? சத்தம் எதுவும் வரலையே?"

டீச்சர் தன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"கண்ணாடி பாக்கல நீங்க. மறுபடியும் முதல்லேர்ந்து."